மூன்று மணிச் சூப்

எங்கள் பெரிகோர் பக்கம் ஒரு வழக்கம்:
மணமக்கள் படுத்தபின், விடியுமுன்,
கதவைத் தட்டி உள்ளே வந்துவிடுவார்கள் உறவுக்காரர்கள்
வெங்காயச் சூப்போடு.
கிண்ணத்தில் அல்ல. தேய்த்துக் கழுவிய மூத்திரச் சட்டியில்.

என் முதல் கல்யாணத்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள்.
தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது.
மிளகு அதிகம், இருந்தும் குடித்தோம்.
ஆறு வருஷத்தில் அவன் போனான்.
சட்டி இருக்கிறது, பால்கனியில், ஜெரேனியம் வைத்திருக்கிறேன்.

இந்தக் கல்யாணத்துக்குச் சாட்சிகள் இரண்டே பேர்.
பெர்ஜராக் நகராட்சியில் பதினான்கு நிமிடம்,
அப்புறம் மதியச் சாப்பாடு,
எட்டு மணி ரயிலுக்கு அவர்களும் கிளம்பிவிட்டார்கள்.
அறுபத்து மூன்று வயதுக்காரி வீட்டுக் கதவை
யார் வந்து உடைப்பது?

ரெஜி புரண்டுகொண்டே இருந்தார்.
"பசிக்குதா?" என்றேன்.
இடது காது கேட்காது அவருக்கு.
நான் படுத்திருந்தது இடப்பக்கம்.
எழுந்துபோய் விளக்கைப் போட்டேன்.

ஒரு கிலோ வெங்காயம்.
உரித்தால் உள்ளே ஒன்றுமில்லை என்பவர்கள்
பின்னிரவு மூன்று மணிக்கு
ஒரு கிலோ நறுக்கிப் பார்க்கட்டும்.

வெண்ணெய் உருகியதும் மலை மாதிரி குவிந்தது.
கால் மணியில் வதங்கிப் பாதியானது.
அரை மணியில் வைக்கோல் நிறம்.
"தீயைக் கொஞ்சம் கூட்டலாமே" என்று வந்து நின்றார்.
கூடாது என்றேன்.
உப்பு எடுக்கத் திரும்பிய நேரத்தில் கூட்டிவிட்டார்.
ஒரு ஓரம் அடிபிடித்துவிட்டது.
நாங்கள் புருஷன் பெண்டாட்டி ஆனபின்
போட்ட முதல் சண்டை அது,
கிசுகிசுப்பாக,
பாதி அவருக்குக் கேட்கவேயில்லை.

மிச்சமிருந்த வெள்ளை ஒயினை ஊற்றிச் சுரண்டினேன்.
கருகியதும் கரைந்து பழுப்பாகிவிட்டது.
நல்ல பழுப்பு. அதை அவரிடம் சொல்லவில்லை.

க்ரூயேர் சீஸ் இல்லை.
விருந்தில் மீந்து, காகித நாப்கினில் சுற்றி
கைப்பையில் போட்டிருந்த கான்தால் துண்டைத் துருவினேன்.
காய்ந்த ரொட்டி மேலே, சீஸ் அதற்கும் மேலே,
அவனுக்குள் தள்ளினோம்.
உள்ளே பல்பு எரியாது.
ரெஜி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்,
மண்டியிட்டு, முழங்கால் முனக.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

மேல்மாடிப் பையன் கொரான்தான்.
பைஜாமா, ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
"மன்னிக்கணும் மேடம், ஏதோ கருகுற வாசனை…"
கையில் பெரிய கிண்ணம் நிறையத் தண்ணீர்.
தீயை அணைக்க வந்திருக்கிறான்.

நானும் ரெஜியும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
அவருக்குச் சிரிப்பு முதலில் வந்தது.
எனக்கு அப்புறமும் நிற்கவில்லை.

தண்ணீரை ஜெரேனியத்துக்கு ஊற்றச் சொன்னேன்.
அந்தக் கிண்ணத்திலேயே சூப் ஊற்றி, சீஸை மூன்றாக வெட்டினேன்.
நூல் நூலாய் இழுத்துக்கொண்டு வந்தது,
நாக்கைச் சுட்டுக்கொண்டான்.
"யாருக்காவது பிறந்தநாளா?" என்றான்.
"இல்லை, சும்மாதான்" என்றேன்.
"உப்பு கம்மி" என்றார் ரெஜி.
கம்மிதான்.