பத்துக்கு நாலு

பின்கதவைத் திறந்தால் பத்தடிக்கு நாலடி.
அதற்கப்பால் ரயில்வே சுவர்,
சுவருக்கப்பால் கூட்ஸ் வண்டி.
கொருக்குப்பேட்டையில் இதைத் தோட்டம் என்று சொன்னால்
தேசிங்கு சிரிப்பான். சிரித்தான்.
கடப்பாரை கடன் வாங்கி வந்ததும் அவன்தான்.

முதல் நாள் தோண்டியதில்
ஸ்பார்க் பிளக் மூன்று,
பல்செட்டின் கீழ்ப்பாதி,
யார் குடித்த சோடாவோ, கோலியோடு பாட்டில்.
மண் என்று ஏதோ ஒன்று
எல்லாவற்றுக்கும் அடியில்
கறுத்துக் கிடந்தது.

லாரித் தண்ணீர் குடிக்க.
அடிபம்பில் வருவது உப்பு.
செடிக்கென்று தனியாக ஒரு தண்ணீர்
இந்தத் தெருவில் யாருக்கும் வருவதில்லை.
அரிசி களைந்தது, மீன் கழுவியது,
ரெஜினா அக்கா வீட்டு ஏசி சொட்டுவது,
பெயின்ட் பக்கெட்டில் பிடித்து வைத்தேன்.
மீன் தண்ணீர் ஊற்றிய அன்று
தெருப் பூனை மொத்தமும் வந்து
வெண்டை விதையைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
மறுபடி விதைத்தேன்.

முளைத்தது.
சிறுகீரை ஒரு பாத்தி, வெண்டை நாலு,
சுவரின் முள்கம்பியில் தொற்றிய பாகல்.
இரவு வண்டி வரும்போது
வீட்டுக்கு முன்பே இலைகள் அதிரும்.
காலையில் துடைத்தால் விரலில் மை.
மணலிக் காற்றென்றால்
இரண்டு முறை துடைக்க வேண்டும்.

காலேஜிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
கவரில் ஒரு பிடி மண் அள்ளி
மேலே எழுதினாள்:
டில்லிராணி, பழைய எண் 9, புதிய எண் 14.

ஒன்றரை மாதம் கழித்து போன்.
ஈயம் இருக்கிறது என்றாள்.
பாத்திரத்துக்குப் பூசுவதா என்றேன்.
அது வெள்ளீயம்க்கா, இது காரீயம்.
வெண்டைக்காய் பரவாயில்லை, நன்றாகக் கழுவுங்கள்.
கீரை வேண்டாம்,
பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

அதுவரை தின்றது ஏழு கட்டு.
மறுபடி எண்ணினேன். எட்டு.
ஒன்று ரெஜினா அக்காவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பிடுங்கினேன்.
வேர் மண்ணை உதறினேன், பழக்கத்தில்.
பஷீர் பாய் ஆட்டுக்குப் போடலாம்,
பக்ரீதுக்கு வளர்கிறது, கூடாது.
உரப் பக்கெட்டில் போட்டால்
சுற்றி வந்து அதே மண்.
ஈரம் சொட்டச் சொட்ட
மூன்று கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பிள்ளையை வைத்திருப்பதுபோல்
இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

குப்பை வண்டி விசில்.
பச்சைத் தொட்டியில் போட்டதை
செங்கேணி வெளியே எடுத்துப் பார்த்தாள்.
"இன்னாக்கா, நல்ல கீரையப் போய்..."
சொன்னேன். காரீயம், பிள்ளை, காலேஜ், எல்லாம்.
கேட்டுக்கொண்டே ஒரு கட்டை
வண்டிக் கைப்பிடியில் செருகினாள்.
"நம்ம வூடு கொடுங்கையூர்க்கா" என்றாள்,
அதற்குமேல் என்ன இருக்கிறது என்பதுபோல்.

நாலு வீடு தாண்டுமுன் ஓடிப்போய்
அதைப் பிடுங்கினேன்.
ஒரே கீரையை இரண்டாம் முறை.
மடியிலிருந்த வெண்டைக்காயை அவள் கையில் திணித்து
கழுவிட்டுச் செய், நல்லாக் கழுவு என்றேன்.

"எந்தத் தண்ணியில?" என்றாள்.