நீச்சல் குளம் ஒன்று

நிலம் திரும்பி வந்தபோது
அதன்மேல் ஒரு நீச்சல் குளமும் வந்தது.

ஏழு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட்.
தாசில்தார் தந்த தாளில்
'நிலத்தின் மேல் உள்ளவை' என்ற கட்டத்தில்
போர்வெல் ஒன்று, பலா இரண்டு,
பாழ்பட்ட கட்டடம் மூன்று,
நீச்சல் குளம் ஒன்று.
கெம்மரட்டியில் நாற்பத்தோரு குடும்பம்.
நீச்சல் தெரிந்தவன்
மாயாற்று முதலைக்குப் பயந்து கற்றுக்கொண்ட
மசணன் ஒருவன்தான்.

எனக்கு அந்தக் குளத்தைத் தெரியும்.
ஆறு வருஷம் அதன் நீல ஓடுகளை
முட்டி போட்டுத் தேய்த்தவள் நான்.
எட்டாம் அறையில் படுக்கை விரித்து
துண்டை யானையாக மடித்து வைக்க வேண்டும்,
தும்பிக்கை வாசலைப் பார்க்க.
வெளியே மின்வேலி
டிக் டிக்கென்று
நிஜ யானைகளை எண்ணிக்கொண்டிருக்கும்.
"இங்கே வராது சார், பயப்படாதீங்க" என்று
சொல்லச் சொல்லியிருந்தார்கள்.
ஜீப்பில் போனால் வரும் என்றும்.
ஜீப்புக்குத் தனிக் காசு.

பிறகு அரக்கு முத்திரை, பூட்டு, கோர்ட்டு.
நான்கு மழை.
உண்ணிச்செடி எட்டாம் அறை ஜன்னல் வழியே
படுக்கையில் ஏறிப் பூத்தது.

கிராம சபையில்
குளத்துக்காகவே மூன்று கூட்டம்.
மூடிவிடு, குட்டி விழுந்தால் யார் தூக்குவது
என்றாள் சிவணி.
எத்தனை லோடு மண் என்று
விரல் விட்டு எண்ணினான் ரேசன்.
மீன் விடலாம் என்றது பின்வரிசை.
கோவையிலிருந்து கூட்டாளியாக வந்த
கம்பெனிப் பெண் ஷர்மிளா
லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள்.
அதே குளம், அதே நீலம்,
ஓரத்தில் சாய்வு நாற்காலிகள்,
அடியில் எங்கள் பெயர்.
யாரும் பேசவில்லை.
ஒரு நாய் குறுக்கே போனது.
அவளே மூடினாள்.
அதனால்தான் அவளோடு கையெழுத்துப் போட்டோம்.

அறுபது எங்களுக்கு, நாற்பது அவர்களுக்கு.
அதில் பெரிய சண்டை இல்லை.
சண்டை பதினோராம் ஷரத்துக்கு.
'யானை வந்தால் நடை ரத்து' என்றிருந்தது.
'யானை வந்தால் மனிதர் ரத்து'
என்று மாற்றச் சொன்னோம்.
மனிதரை எப்படிம்மா ரத்து செய்வது
என்று சிரித்தார் வக்கீல்.
எங்களைச் செய்தார்களே என்றான் ரேசன்.
அப்படியே தட்டச்சு செய்தார்.

கிழக்குச் சுவரை உடைத்துச் சரிவாக்கினோம்,
இறங்கினால் ஏற முடிகிற மாதிரி.
மூன்றாம் நாள் கடப்பாரை வேறு குரலில் பேசியது.
காங்கிரீட்டுக்குள், ஜல்லியோடு ஜல்லியாக
ஐந்து உருண்டைக் கல்.
ஆற்றில் எடுத்து, எண்ணெய் தடவி,
செத்தவருக்கு ஒன்றென்று
நாங்கள் வைக்கிற கல்.
எது யாருடையது என்று எழுதி வைப்பதில்லை.
சிவணி முந்தானையில் ஏந்திக்கொண்டு போனாள்.
வைத்த இடம் வழித்தட வரைபடத்தில் இல்லை.
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

முதல் விருந்தினர் ஆறு பேர், ஈரோடு.
பம்பு ரூம் சுவரின் துளை வழியே
நாலு மணியிலிருந்து பார்த்தார்கள்.
ஒரு மயில்.
இரண்டு புள்ளிமான்.
தவளை நிறைய.
"பணம் திருப்பித் தருவீங்களா?"
ரசீதின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினேன்,
நானே எழுதியது:
வருவது அதன் இஷ்டம்.
காத்திருப்பதற்குத்தான் இந்த டிக்கெட்.

ராத்திரி எதற்கோ நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

விடிந்து போய்ப் பார்த்தால்
சரிவில் லத்தி, இன்னும் ஆவி பறந்தது.
நீல ஓட்டில் முறம் அகலச் சேற்றுத் தடம்.
பக்கத்திலேயே
கிண்ணம் கவிழ்த்த அளவில் ஒன்று.
குட்டி வழுக்கியிருக்கவில்லை.
சிவணி அதைத்தான் முதலில் பார்த்தாள்.

ஈரோட்டுக்காரர் போட்டோவுக்குக் குனிந்தார்.
"சுத்தியும் கொஞ்சம் தேய்ச்சுவிட்டா
படம் பளிச்சுன்னு வரும்.
பிரஷ் இருக்காங்க?"

இருக்கிறது.
பழைய ஸ்டோர் ரூமில், ஆணியில்,
என் கைக்குத் தேய்ந்த பிடியோடு.

"இல்லைங்க" என்றேன்.