ஆறப் போட்ட நாய்

புந்தா அரேனாஸில் ஜூலை.
பத்து மணிக்குத்தான் விடிகிறது,
ஆறுக்குள் இருட்டிவிடுகிறது.
நடுவில் கிடைக்கும் வெளிச்சத்தில்
வண்டிகளுக்குப் படம் ஒட்டிப் பிழைக்கிறேன்.

நேற்று இரவு அச்சடித்தது ஒரு நாய்.
மூன்று மீட்டர் நீளம்,
கால்நடை மருத்துவர் நிபால்தோவின் வேனுக்கு.
ஆட்டு மந்தை ஓட்டுகிற கறுப்பு நாய்.

கறுப்பு என்றால் நாலு மையும் சேர்ந்த கறுப்பு.
குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் மாதிரி
கரைப்பானை உள்ளே வைத்துக்கொண்டு
ஒன்றும் தெரியாத முகத்தோடு இருக்கும்.
தொட்டால் காய்ந்ததுபோலத்தான்.
மோந்தால் குட்டு வெளிப்படும்.

சுருளைத் தளர்த்தி நிமிர்த்தி வைத்தேன்,
சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே
இரண்டு விரல் நுழையும்படி.
ஜன்னலைத் திறந்தால் நீரிணைக் காற்று
மண்ணோடு உள்ளே வரும்.
மூடினால் மண்டை இடிக்கும்.
ஒரு சாண் திறந்து
ஈரத்துணி தொங்கவிட்டேன்.

நிபால்தோ வந்தார், தொப்பியைக் கழற்றாமல்.
"காலையில் படகு, பொர்வெனீருக்கு.
மேல்படலத்தை இப்போதே ஒட்டு."

பொர்வெனீர் என்றால் வருங்காலம்.
அங்கே போக
யாருக்குத்தான் அவசரமில்லை.

மீன் கம்பெனி லாரியைச் சொன்னேன்.
போன மார்ச்சில்,
அடித்த சூட்டோடு படலம் போட்டு மூடி,
வெளியேற வழியில்லாத ஆவி
பசைக்குள் இறங்கி இளக்கி,
எட்டாம் நாள் ஓரமெல்லாம் சுருண்டு
சால்மனுக்கு அம்மை போட்டதை
துறைமுகமே பார்த்துச் சிரித்தது.

"அச்சடிக்கப் பொறுத்தவர்
ஆறப் பொறுக்கமாட்டீர்களா, டாக்டர்?"

அவர் கொஞ்ச நேரம் சுருளையே பார்த்தார்.
குனிந்து, ஒரு குதிரையின் குளம்பை மோப்பதுபோல
மோந்தார்.
"சீழ் இருக்கும்போது தையல் போடக்கூடாது"
என்றார், யாரிடமோ கோபமாக.
"ஒரு முனையைத் திறந்துவிட வேண்டும்.
ஒழுகி முடிகிறவரை."
தொப்பி அப்போதுதான் கைக்கு வந்தது.
படகை வியாழனுக்கு மாற்றச் சொல்லி
மனைவி எதுவிகிஸுக்குப் போன் போட்டார்.
அந்தப் பக்கம் வெகுநேரம்
யாரோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அத்தனை உபதேசமும் செய்த நான்
அன்று இரவு பதினொன்றுக்கு
விளக்கை அணைக்கப் போனவள், திரும்பி வந்து
கட்டைவிரலால் மூக்கை அழுத்தினேன்.
சும்மா. காய்ந்ததா பார்ப்போம் என்று.

காயவில்லை.

ரேகை பதிந்துவிட்டது. சுழி, கோடு,
கத்தி பட்ட பழைய தழும்பு, எல்லாம்.
மறுபடி அடித்தால் மறுபடி ஒரு நாள்,
மறுபடி எதுவிகிஸ்.
சரி, நாயின் மூக்கு
ஈரமாக இருக்கத்தானே வேண்டும்
என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் இரவு, வாடை முழுக்க அடங்கியபிறகு
மேல்படலத்தை உருட்டினேன்.
ஒரு குமிழ் இல்லை.
இனி மழையோ உப்போ
அந்த மூக்கைத் தொடமுடியாது.

வியாழன் காலை, டார்ச் அடித்துப் பார்த்தார்.
"எல்லாம் படம்தான்.
மூக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது,
எப்படிச் செய்தாய்?"

ரசீது கேட்டார்.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்,
இரண்டாவது முறையாக.