கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டாச்சு.
பின்சீட்டில் ஷெர்வின் ஆரம்பித்தான்:
"ஒரே ஒரு குத்து விட
எதுக்குண்ணா நாலு எபிசோடு?"
கூட்ஸ் வருது, பெட்டியை எண்ணு என்றேன்.

நாற்பத்தொன்றில் தப்பவிட்டான்.
"இருபது வருசமா அவனுக்கு
அதே பதினேழு எப்படி?"
நான் பார்க்கத் தொடங்கியபோது
அவன் எனக்கு அண்ணன்.
இப்போது என் சட்டைப்பையில் சுகர் மாத்திரை.
ஜப்பான்ல வெயில் கம்மிடா.

பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து
கம்பெனி கார்டு தொங்க ஒரு அக்கா எட்டிப் பார்த்தாள்:
"அந்தப் பச்சைக் குடைக்காரன்
நெசமாவே செத்துட்டானா?
எம் பொண்ணு ரெண்டு நாளா சோறு துன்னல."

எனக்கு விடை தெரியும்.

கேட் தூக்க, அத்தனை ஹாரனும் ஒன்றாய்.
"பாடிய இன்னும் காட்டலக்கா!" கத்தினேன்.

முதுகில் ஷெர்வினின் குத்து.
ஒரு நொடிகூட ஆகவில்லை.