கீழிமை

ஓட்டமாவடி, சவுதும்மாவின் பட்டி.
மிருக வைத்தியர் எழுதித்தந்த துண்டு என் கையில்:
கீழிமையை இழுத்துப் பார்,
சிவந்திருந்தால் எடு.
வாலடி காய்ந்திருக்க வேணும்.

கறுப்பிக்கு இமைக்குள் ஜம்புப்பழ நிறம்.
புள்ளிக்கு வெளிறல். தள்ளிவிட்டேன்.

"ஒண்ட மட்டும் கொண்டுபோனா
ராவெல்லாம் கத்தும் கா."
"விக்கிறதுக்குச் சொல்றீங்க."

அவள் பதில் பேசவில்லை.
குழை மணக்கும் கையால் என் தாடையைப் பிடித்து
என் இமையை இழுத்தாள்.
"புள்ள, நீதான் வெளிறிப்போய்க் கிடக்காய்.
ஆரோட இரிக்காய்?"

ஓட்டோ பாலத்தில் ஏறும்போது
மடியில் கறுப்பி, காலடியில் புள்ளி.
கிரான் சந்தியில் நிறுத்தச் சொன்னேன்:
புள்ளிக்குப் பூச்சி மருந்து,
எனக்கு இரும்புக் குளிசை.

மிச்சக் காசை எண்ணிக்கொண்டு திரும்பினால்
வைத்தியரின் துண்டைக்
கறுப்பி மென்றுகொண்டிருக்கிறது,
கண்ணை மூடி.