எண்ணிக்கை

கரகண்டா ரயில் நிலையத்தில்
ஆறாம் எண் ஜன்னல் என்னுடையது.
இருபத்திரண்டு வருடம்
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து
ஊரையே வழியனுப்பியிருக்கிறேன்.
மேல் படுக்கையா கீழ் படுக்கையா,
திரும்பிவரவும் சேர்த்தா என்று
எல்லோரையும் கேட்ட வாய்
என்னை ஒருமுறையும் கேட்டதில்லை.

மார்ச்சில் வீட்டுக்கடன் அடைந்தது.
கையில் கொஞ்சம் மீந்தது.
கடல் பார்க்கலாம் என்றேன்.
எட்டுத் திசையும் நிலமாயிருக்கும் ஊரில்
அந்தச் சொல்லைச் சொல்ல
கூச்சமாகத்தான் இருந்தது.

எர்போலாத் மறுநாளே
வழவழப்பான தாளோடு வந்தார்.
அந்தால்யா, ஏழு இரவு.
விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு,
கடற்கரைக் குடை, கொடி பிடித்த வழிகாட்டி,
மணிக்கட்டில் கட்ட ஒரு மஞ்சள் பட்டை.
எல்லாம் அடக்கம், என்றார்
தொழுகை முடித்தவரின் நிம்மதியோடு.

எல்லாம் அடங்கிய இடத்தில்
நான் எங்கே அடங்குவது?

நான் கால அட்டவணைக்காரி.
நள்ளிரவில் சமையல் மேசையில்
வரைபடத்தை விரித்தேன்.
த்ராப்சோனில் இறங்குவது.
கருங்கடல் ஓரமாகவே பேருந்து.
ரிசே, பிறகு ஹோபா.
தேயிலைச் சரிவில் நெஸ்லிஹான் என்றொருத்தி
அறை வாடகைக்கு விடுகிறாள்;
முள்ளோடு மீன் சாப்பிடுவீர்களா என்று
முதல் செய்தியிலேயே கேட்கிறாள்.
பேருந்து தவறினால்
அடுத்தது நாற்பது நிமிடத்தில்.

அதுவும் தவறினால்? என்றார்.
தவறட்டும், என்றேன்.

குழுவோடு போனால்
எழுபதாயிரம் தெங்கே மிச்சம் என்று
பென்சிலால் கூட்டிக் காட்டினார்.
கூட்டலில் பிழையில்லை.
அதனாலேயே எரிச்சல் வந்தது.
பேருந்தில் ஏறும்போதெல்லாம்
ஒருவன் தலை எண்ணுவான்,
நாம் என்ன ஆட்டு மந்தையா என்றேன்.

அவர் கோபப்படவில்லை.
இழுப்பறையைத் திறந்து
ஒரு பித்தளை வில்லையை என்முன் வைத்தார்.
நானூற்றுப் பதினேழு.
சுரங்கத்தில் இறங்குமுன்
ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு போவார்,
ஏறி வந்ததும் மாட்டுவார்.
வெற்று ஆணி என்றால்
ஒருவன் இன்னும் கீழே.
"ஒரு செப்டம்பரில் ஏழு ஆணி வெற்றாயிருந்தது.
எண்ண ஆளிருந்ததால் தேடினார்கள்.
ஐந்து பேர் வந்தோம்."

வந்தோம் என்றார்.
இருபத்தாறு வருடம் கூடவே படுத்தவளுக்கு
அந்த 'ஓம்' அன்றுதான் காதில் விழுந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
அதற்காக நான் அந்தால்யாவுக்கு மாறவில்லை.
ஹோபாதான்.

அவரும் மறுபேச்சுப் பேசவில்லை.
பக்கத்து வீட்டு ரைஸாவின் சுவரில்
இரண்டு ஆணி அடித்தார்.
வில்லை அவர் சட்டைப்பையில்;
எனக்கு வில்லை ஏது?
ஆறாம் ஜன்னலின் பழைய சாவியை
என் கைப்பையில் போட்டார்.
பதினெட்டாம் தேதி இரவும்
ஆணி வெற்றாகவே இருந்தால்
யாரைக் கூப்பிடுவதென்று
ரைஸாவிடம் எழுதிக் கொடுத்தார்.
அவள் தன் நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டாள்,
சிரிக்காமல்.

ஹோபாவில் பேருந்து தவறியது.
தவறு என்னுடையது. கைக்கடிகாரம்
இன்னும் கரகண்டாவிலேயே ஓடிக்கொண்டிருந்தது.
எர்போலாத் என் தலையைத் தொட்டார், ஒன்று.
தன் தலையைத் தொட்டார், இரண்டு.
பிறகு எதிர்க்கடைக்குப் போய்
'சு' என்றார்.
அவர்களுக்கும் தண்ணீர் 'சு'தானாம்.
இரண்டு பாட்டிலோடு வந்தவர் முகத்தில்
ஒரு மொழியையே வாங்கிவந்த பெருமை.

குட்டைச் சுவரில் உட்கார்ந்தோம்.
கடல் முதுகுக்குப் பின்னால் இருந்தது.
திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதே
கொஞ்ச நேரம் ஞாபகமில்லை.

அடுத்தது நாற்பது நிமிடத்தில், என்றேன்.
அறுபத்தைந்து ஆயிற்று.