கடிக்கிற சாமான்

கொழும்பு டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.
"கடிக்கிற சாமான் ஒண்டும் வேணாம் அம்மா.
எட்டுக் கிழமை. இந்தப் பால் மட்டும்."
குடலின் படத்தை எங்கள் பக்கம் திருப்பினார்.
கறையான் ஓடிய சுவர்போல இருந்தது.
"குரோன்ஸ்" என்றார். "போகாது. ஆனா அடங்கும்."
யதுர்ஷன் படத்தைப் பார்க்கவில்லை,
தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரவு ரயிலில் திரும்பினோம்.
கல்லோயாச் சந்தியில் வடைக்காரன் ஏறினான்.
பெட்டி முழுக்க இறால் வடை.
நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன்,
எனக்கு மணக்காவிட்டால்
அவனுக்கும் மணக்காது என்பதுபோல.

பாலையூற்றில் என் குசினி
விடிய மூன்று மணிக்கே ஆவி பிடிக்கும்.
முந்நூறு இடியப்பம், சம்பல், சொதி.
ஆறு மணிக்கு முன் நாலு கடைகளுக்குப் போகவேண்டும்.
அதே அடுப்படியில், அதே கையால்
ஏழு கரண்டி தூள்,
கொதித்தாறிய தண்ணீர், கோடுவரை.
கட்டி விழாமல் கலக்கு.
ஒரு ரின் ஒன்றரை நாள்.
ஒரு ரின்னுக்கு நானூறு இடியப்பம்.
இதை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை,
உரலைப் பிழியும்போது கை தானே எண்ணும்.

முதற்கிழமை கோப்பையைச் சுவரில் எறிந்தான்.
வெள்ளைக் கறை இன்னும் இருக்கிறது.
மச்சாள் வந்து பார்த்துவிட்டு,
"பத்து வயசுப் பிள்ளைக்குப் புட்டிப்பாலோ?" என்றாள்.
இவன் பிறந்தபோது
எனக்குப் பத்தியக் கறி வைத்தவள் அவள்தான்,
பால்சுறாவும் மிளகும் உள்ளியும் போட்டு.
இப்போது பத்தியம் அவனுக்கு.
அவள் கைக்கும் வேலையில்லை, என் கைக்கும் இல்லை.

இவர் சீனன்குடா மாவாலையில் வேலை முடிந்து
பஸ் ஸ்ராண்டில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு,
ஏலக்காய் மென்றுகொண்டு வருவார்,
களவாய்க் குடித்தவர் மாதிரி.
"அப்பா, இண்டைக்கு முட்டை ரொட்டியோ?"
இவர் சேர்ட்டைக்கூடக் கழற்றாமல்
கிணற்றடிக்குப் போனார்.

நாலாம் கிழமை அவன் கேட்டது ருசியை அல்ல.
"பல்லுக்கு ஒரு வேலையும் இல்லையம்மா."
பென்சில்களின் பின்பக்கமெல்லாம் பல்லடையாளம்,
தலையணை மூலை ஈரம்.
கோட்டை வாசலில் மான்கள்
கடுதாசியும் வாழைப்பழத் தோலும் தின்பதை
நெடுநேரம் நின்று பார்த்தான்.
"அதுகளுக்கு ஒரு டொக்டரும் ஒண்டும் சொல்லேல்லையே."
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை.
இரவு முழுக்கக் கக்கூஸ் லைட் எரியவில்லை.
பயந்துபோய் எழும்பிப் பார்த்தேன்,
காலை அகட்டி, வாய் திறந்து நித்திரை.
வயிற்றைப் பிடித்துச் சுருண்டு கிடக்காமல்
இவன் படுத்ததை
எத்தனை மாதத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.
கிளினிக் தராசில் இரண்டு கிலோ எழுநூறு கூடியிருந்தது.
மிஸி மூன்று தரம் ஏற்றி இறக்கிப் பார்த்தார்.
பள்ளிக்கூடக் காற்சட்டை இடுப்பில் நின்றது.

எட்டாம் கிழமை முடிய
கிணற்றடியில் வெறும் ரின் முப்பத்தேழு.
ஒன்றை எடுத்து மா அளக்க வைத்துக்கொண்டேன்.
டொக்டரின் தாளில் முதல் வரி:
அவித்த உருளைக்கிழங்கு, தோல் இல்லாமல்.
பிள்ளை ஒரு தாளில் தான் எழுதி வைத்திருந்த
றோல்ஸ், கொத்து, கணவாய்ப் பொரியல், மாங்காய்,
எல்லாவற்றுக்கும் அடியில்கூட
உருளைக்கிழங்கு இல்லை.
மசிக்கக் கரண்டியை எடுத்தேன்.
"மசிக்காதேங்கோ" என்றான்.

ஒரு துண்டை வாயில் வைத்தான்.
பத்துத் தரம். இருபது. முப்பது.
கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.
வாசலில் கடைப்பொடியன் மோட்டார் சைக்கிளில்
இடியப்பத்துக்கு ஹோன் அடித்தபடி.
விழுங்கடா என்று வாய்வரை வந்தது.
இவர் என் கையைப் பிடித்தார்.
ஹோன் திரும்பவும் அடித்தது.
அடிக்கட்டும்.